வெட்டி எறிந்த மூலை

மழை பிடித்தால் ஸ்கார்விக்கில் ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும். ரன்வா மட்டும் திறந்துகொண்டு கிளம்புவாள். கழுத்தில் கேமரா, கேமராவுக்கு மேல் மீன் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டிக் பை, பையின் வாயைக் கட்ட ஒரு ரப்பர் வளையம், அத்தனைக்கும் மேல் முழங்கால்வரை தொங்கும் மஞ்சள் மழைக்கோட்டு. ஃபாரோ தீவுகளில் சில சமயம் வெயிலும் அடிக்கத்தான் செய்கிறது. அன்றைக்கு அவள் வீட்டுக்குள் உட்கார்ந்து காலுறை பின்னுவாள்.

"வெயில்ல எடுக்க என்ன இருக்கு? பல் தேய்ச்சு தலை சீவிட்டு வந்து நிக்கற மாதிரி மலை நிக்குது" என்பாள்.

ஐம்பத்து நான்கு வயது. முப்பது வருஷமாக மீன் தொழிற்சாலையில் முள் எடுக்கும் வேலை. கட்டியவன் என்றைக்கோ டென்மார்க்குக்குக் கப்பலேறிப் போய்விட்டான். அவன் போன அன்று கொட்டிய ஆலங்கட்டி மழையை அவள் எடுத்த படம் இன்னும் சமையலறையில் தொங்குகிறது. நல்ல படம். அவன் அதில் இல்லை.

போன அக்டோபர் புயலில் அவள் எடுத்த இன்னொரு படம், தலைநகரில் அச்சான புது வருஷ நாட்காட்டியில் ஜனவரிப் பக்கத்தில் வந்தது. ஊரின் ஆறு துடுப்புப் படகு 'சூலா', மூக்கை வானத்துக்குத் தூக்கி நெட்டுக்குத்தலாக நிற்கிறது. அதன் அடிவயிற்றில் மேகத்தைக் கிழித்து வந்த மஞ்சள் வெளிச்சம். ஊரில் எந்தச் சமையலறைக்குள் நுழைந்தாலும் சுவரில் அந்தப் படகு பறந்தது. பிப்ரவரி பிறந்தும் ஒருவரும் தாளைத் திருப்பவில்லை. அந்தப் பெருமையில் ஊரில் பாதிப் பேர் பல் மருத்துவரிடம் போகவேண்டிய நாளைத் தவறவிட்டார்கள்.

பிப்ரவரி ஆரம்பத்தில் ஒரு நாள் சோல்ரூன் வந்து, ரன்வாவின் மேசையில் கையுறையைக் கழற்றிப் போட்டாள். மகளிர் சங்கத் தலைவி. பக்கத்து வீட்டு ஹோக்னியின் மனைவி.

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு மன்றத்துல நீ பேசற."

"நானா? என்னத்தப் பேசறது?"

"மழையிலயும் காத்துலயும் எப்படிப் படம் எடுக்கறதுன்னு. எல்லார் கையிலயும் கேமரா இருக்கு, ஒருத்தர் படத்துலயும் ஒண்ணும் தெரியல. என் தங்கச்சி ஒண்ணு அனுப்பினா. அது மூடுபனியா, இல்ல அவ மாமியாரான்னு ரெண்டு நாள் யோசிச்சேன்."

"வேற யாரையாவது கேளு, சோல்ரூன்."

"நாட்காட்டியில வந்தது யார் படம், என்னுதா? அதையே பெருசாக்கி சட்டம் போட்டாச்சு. உன் பின்னால மாட்டப்போறோம்."

ரன்வா காப்பி ஊற்றினாள். கோப்பையில் பாதி, தட்டில் பாதி.

"ஹோக்னி வருவாரா?"

"வராம? அன்னைக்கே புதுப் படகுக்குச் சுக்கான் பிடிக்க ஆளைத் தேர்ந்தெடுக்கறாங்களே. ஆனா முப்பத்தோரு வருஷத்துல மொதத் தடவையா தன் பேரைக் குடுக்க மாட்டேங்கறார் கிழவர். கண்ணு சரியில்லையாம். மலை உச்சியில மேயற ஆட்டோட காது வெட்டைப் பாத்து அது யாரோட ஆடுன்னு சொல்றார், கண்ணு சரியில்லையாம்!" சோல்ரூனின் குரல் இறங்கியது. "கண்ணு இல்ல ரன்வா, கை. தன் கை மேல நம்பிக்கை போயிடுச்சு அவருக்கு. காலணி நாடாவைக் கட்டிட்டு ரெண்டு தடவை இழுத்துப் பாக்கறார்."

அவள் போன பிறகும் ரன்வா நெடுநேரம் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அன்று அதில் ஒரு துளி ஈரமும் இல்லை.

ஸ்கார்விக்கில் கட்ட வேண்டியது எதுவாக இருந்தாலும் ஹோக்னிதான் கட்டுவார். கூரைக்கு மேல் போடும் கம்பிக் கயிறு, படகு, வைக்கோல் போர், குழந்தைகள் குதிக்கும் வலை, சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிறு, எல்லாம் அவர் கைதான். அவர் கட்டிய கூரையைக் கண்டால் காற்று ஒரு தரம் சுற்றிப் பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விடும் என்பார்கள்.

அக்டோபரில் வந்த காற்று அப்படிப் போகிற ஜாதி இல்லை. டான்யலின் கடை வாசலில் நின்ற குப்பைத்தொட்டி கடலைத் தாண்டிப் பறந்து, எதிர்த் தீவின் தேவாலய வாசலில் மூடிகூடக் கழலாமல் இறங்கியது; அங்கே மூன்று வாரம் அதைக் காணிக்கைப் பெட்டி என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் மலையில் ஏறிய ஒரு செம்மறி ஆடு பக்கத்து ஊர் மலையில் இறங்கியது. நடுவில் அதன் கால் தரையில் படவே இல்லை.

நடுப்பகலில் படகுக் கொட்டகையின் கதவு பிய்ந்து போனது. ஊரார் எல்லோரும் பள்ளிக்கூடக் கூரையைப் பிடிக்கப் போயிருந்தார்கள். கரையில் இருந்தது ஹோக்னியும், வழக்கம்போல் படம் எடுக்க வந்திருந்த ரன்வாவும்தான். உள்ளே அலை புகுந்ததால் படகை வெளியே இழுத்துப் புல்மேட்டில் ஏற்றினார்கள். பின்பக்கக் கயிற்றை நிமிர்ந்து நின்ற ஒரு பாறையைச் சுற்றி வளையமாகப் போட்டு, ஹோக்னி தன் முடிச்சைப் போட்டார். முன்பக்கக் கயிற்றை இரும்புக் கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றி, நுனியை ரன்வாவின் கையில் கொடுத்தார்.

"ரெண்டே நிமிஷம், பிடிச்சுக்கோ பொண்ணே! மேல போட வலை எடுத்துட்டு வந்துடறேன்!"

அவர் கொட்டகைக்குள் போனார். அப்போதுதான் மேகம் கிழிந்தது.

மழைத் திரைக்குக் கீழே, கடலுக்கு மேலே, ஒரு முழ உயரத்துக்கு மஞ்சள் வெளிச்சம். இப்படி ஒரு வெளிச்சத்துக்காகப் பதினெட்டு வருஷம் நனைந்திருக்கிறாள். கயிறு கம்பத்தில் இரண்டு சுற்று சுற்றித்தானே இருக்கிறது, ஒரு கண் சிமிட்டும் நேரம் தாங்காதா என்று நினைத்தாள். கையுறையைப் பல்லால் இழுத்தாள். கயிற்றை விட்டாள்.

கயிறு சரசரவென்று சுருள் கழன்றது. சூலா மூக்கைத் தூக்கியது. ரன்வாவின் விரல் அழுத்தியது. அவள் அழுத்தியதாக அவளுக்கே நினைவில்லை. அடுத்த காற்றில் பின்பக்க வளையம் அவிழாமலே பாறையின் தலைவழியாக ஏறிக் கழன்றது. படகு ஒரு குட்டிக்கரணம் போட்டுக் கீழே பாறைகளில் விழுந்தது. மூன்றாவது அலை பலகைகளையும் கயிற்றையும் முடிச்சையும் சேர்த்து வாரிக்கொண்டு போனது.

வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்த ஹோக்னி முதலில் பார்த்தது வெறும் பாறையை.

"என் முடிச்சு" என்றார். "என் முடிச்சு அவுந்து போச்சு. அது அவுந்த வேகத்துல உன் கயிறும்... ஐயோ, உன் கை! கையக் காட்டு பொண்ணே, தோல் உரிஞ்சிருக்கும்!"

வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் கையைக் கோட்டுப் பைக்குள் ஒளித்துக்கொண்டு, "ஒண்ணும் இல்ல" என்றாள். அது மட்டும்தான் அன்று அவள் சொன்ன உண்மை. அதை அவர் நம்பவில்லை.

பிறகு நடந்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒளித்த கையை எத்தனை நேரம் ஒளித்துவைப்பது? வீட்டுக்குப் போய்க் கட்டுப் போட்டுக்கொண்டாள். நல்ல கைக்கு ஏழு நாள் கட்டு. தொழிற்சாலைப் பெண்கள் அவள் பங்கு மீனையும் சேர்த்து முள் எடுத்தார்கள். அக்கம்பக்கத்திலிருந்து ருபார்ப் தண்டில் காய்ச்சிய ஜாம் ஒன்பது புட்டி வந்தது. இடது கையால் உருளைக்கிழங்குத் தோல் சீவக் கற்றுக்கொண்டாள்; பொய்க்கும் பழக்கம் வேண்டியிருந்தது. ஆடு வெட்டும் மாதம் அது. அவள் பங்கு ஆட்டை ஹோக்னியே வெட்டி, உரித்து, காற்றில் உலர அவள் கொட்டகையில் தொங்கவிட்டுப் போனார். குளிர்காலம் முழுக்க அது அங்கே தொங்கிக் காய்ந்தது. அவள் ஒரு துண்டுகூட அறுக்கவில்லை.

கட்டைப் பிரித்த அன்றுதான் படத்தைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தாள். வானம், வெளிச்சம், படகு. இடது கீழ் மூலையில் அந்தப் பாறை. அதைச் சுற்றி விறைப்பாக வளையம். வளையத்தில், நேற்றுப் போட்டதுபோல் இறுக்கமாக, ஹோக்னியின் முடிச்சு.

'அந்த மூலை கண்ணை இழுக்குது, படத்தோட அமைப்பு கெட்டுப்போகுது' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மூலையை வெட்டிவிட்டு நாட்காட்டிக்காரர்களுக்கு அனுப்பினாள்.

ஹோக்னியை ஊரில் ஒருவரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. எங்கள் ஊரார் அவ்வளவு மரியாதை தெரிந்தவர்கள். முன்போலவே கட்ட அவரைத்தான் கூப்பிட்டார்கள். அவர் கட்டிவிட்டு, காப்பி குடித்துவிட்டு, தெரு வளைவு தாண்டிப் போனதும், வெளியே வந்து அவர் முடிச்சை அவிழ்த்துத் தாங்களே மறுபடி கட்டினார்கள். மழையில் படமெடுக்கத் திரிந்த ரன்வா எல்லாவற்றையும் பார்த்தாள். டான்யல் ஜன்னல் திரைக்குப் பின்னால் காத்திருந்து ஓடிவந்ததைப் பார்த்தாள். சவ அடக்கத்தில், தேவாலயத்தில் பிரசங்கம் படிக்கும் பியார்னி, பெட்டிக் கயிற்றைத் தடவிக் கொடுப்பதுபோல் இழுத்துப் பார்த்ததையும் பார்த்தாள். அதை ஹோக்னியும் பார்த்தார். மறு வாரம்தான் கண் சரியில்லை என்று சொல்ல ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மன்றத்தில் நாற்பது பேர். கேக்குகள் ஒரு மேசை நிறைய. சுவரில் சட்டம் போட்ட படம். பக்கத்தில் படம் காட்ட வெள்ளைத் திரை. முன்வரிசையில் சோல்ரூன், அவள் பக்கத்தில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஹோக்னி.

ரன்வா பிளாஸ்டிக் பையில் ஓட்டை போட்டு, லென்ஸை வெளியே நீட்டி, ரப்பர் வளையம் போட்டுக் காட்டினாள். "முதுகைக் காத்துக்குக் காட்டி நில்லுங்க. லென்ஸ் மேல மழை விழாது, மழை உங்க மேல விழும். உங்களைத் துடைச்சுக்கலாம்."

"துடைக்கத் துணி எங்க வெச்சுக்கறது? எல்லாந்தான் நனைஞ்சிடுதே" என்றார் டான்யல்.

"உள்பாடிக்குள்ள."

"நான் எங்க போவேன்?"

"உங்க பொண்டாட்டிகிட்ட இரவல் கேளுங்க" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, மன்றம் அதிர்ந்தது.

சிரிப்பு அவளுக்குத் தைரியம் கொடுத்தது. குளிரில் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும், இன்னொன்றை அக்குளில் வைத்துச் சூடாக்கிக்கொள்ளுங்கள் என்றாள். கேமராவோடு நேரே அடுப்படிக்குள் போகாதீர்கள், உள்ளுக்குள்ளே வியர்த்துவிடும். பையை இறுக்கிக் கட்டி நடையில் ஒரு மணி நேரம் வையுங்கள். உப்புத் தண்ணீர் தெறித்தால் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் முதலில் ஒற்றி எடுங்கள், காயவிட்டுத் தேய்த்தால் லென்ஸில் கீறல் விழும். கேமராவை நிறுத்தும் முக்காலியின் கால்களை முழுக்க நீட்டாதீர்கள். கனத்துக்குக் கல் மூட்டையைத் தொங்கவிட்டால் அது தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். அந்தரத்தில் ஆடினால் அதுவே முக்காலியைத் தள்ளிவிடும். பனி பெய்தால் கேமரா ஏமாந்து எல்லாவற்றையும் சாம்பல் நிறமாக்கும், கொஞ்சம் வெளிச்சம் கூட்டி எடுங்கள்.

"கடல்கிட்டப் போறதுக்கு முன்னால இருபது நிமிஷம் சும்மா நின்னு பாருங்க. பாறை எதுவரைக்கும் கறுப்பா ஈரமா இருக்கோ, அலை அதுவரைக்கும் வந்திருக்கு, மறுபடியும் வரும். மழை பெய்யறப்ப படம் கிடைக்காது. விடப்போற நேரத்துலதான் கிடைக்கும். காத்திருக்கணும். கை ரெண்டும்..."

நிறுத்தினாள். கை இரண்டும் காலியாக இருக்க வேண்டும் என்று சொல்ல வந்திருந்தாள்.

"அதைத்தான் கேக்கணும்னு இருந்தேன்" என்று சோல்ரூன் எழுந்தாள், பெருமை பொங்க. "கை அவ்வளவு கிழிஞ்சிருக்கறப்ப இந்தப் படத்தை எப்படி எடுத்தே? அதைச் சொல்லு எல்லாருக்கும்."

ரன்வா சட்டத்தில் தொங்கிய படத்தைப் பார்த்தாள். பிறகு ஹோக்னியின் காலணியைப் பார்த்தாள். நாடாவில் மூன்று முடிச்சு, ஒன்றன் மேல் ஒன்றாக.

"கை கிழியல" என்றாள்.

"என்ன?"

"கிழியல. கீறல்கூட இல்ல. நான் கயித்தை விட்டுட்டேன். படம் எடுக்கறதுக்காக விட்டுட்டேன்." தன் கணினியிலிருந்த வெட்டாத படத்தைத் திரையில் போட்டாள். மூலையைப் பெரிதாக்கினாள். "இதோ பாறை. இதோ அவரோட முடிச்சு. படகு செங்குத்தா நிக்கறப்பகூட அது அவுழல. முன்பக்கம் நான் பிடிச்சிருந்தா வளையம் மேல ஏறியிருக்காது. இதை வெட்டி எறிஞ்சுட்டுத்தான் அனுப்பினேன்."

கேக் மேசையில் யாரோ ஒரு கரண்டியைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்கள்.

ஹோக்னி எழுந்து திரைக்குப் போனார். அவர் நிழல் முடிச்சின் மேல் விழுந்தது. ஓரமாக விலகி நின்றார். ஒரு விரலால் கயிற்றின் போக்கைத் தொடர்ந்தார், உள்ளே போய், சுற்றி, வெளியே வந்து. இன்னொரு தரம்.

"நிக்குது" என்றார்.

பிறகு மன்றத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"இந்தக் குளிர்காலத்துல என் முடிச்சை அவுத்து மறுபடி கட்டினவங்க கையத் தூக்குங்க."

எல்லாக் கையும் மடியிலேயே கிடந்தது.

"எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? அவனவன் போடற முடிச்சு எனக்குத் தெரியும்யா. டான்யல், உன் முடிச்சு கோழி கிளறின மாதிரி இருக்கும். தூக்கு."

டான்யலின் கை எழுந்தது. பியார்னியின் கை எழுந்தது. ஒவ்வொன்றாக, காது வரைக்கும், தோள் வரைக்கும், பாதி மன்றத்தின் கை. கடைசியில் சோல்ரூனின் கையும்.

"நீயுமா?"

"துணி காயப்போடற கொடி மட்டுந்தான், கிழவா" என்றாள் அவள், அழுதுகொண்டே.

"உன் கை எங்கே?" என்று அவர் ரன்வாவிடம் திரும்பினார்.

"நான் எதையும் மாத்திக் கட்டலியே."

"நீதான் மொதல்ல தூக்கணும்."

அவள் வலது கையைத் தூக்கினாள். அவர் கிட்ட வந்து உள்ளங்கையை உற்றுப் பார்த்தார்.

"நல்லா ஆறிடுச்சு" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை; அவரும்தான். "படகு போனதை விடு. பலகைதானே. அந்தக் கையை நினைச்சு நான் ஒரு மாசம் சரியாச் சாப்பிடல. அதுக்கு நீ என்ன பண்ணுவே?"

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. பியார்னியின் முன்னாலிருந்த காகிதத்தை விரலால் தட்டினார். "சுக்கானுக்கு என் பேரை எழுதிக்கோ. கண்ணு சரியாத்தான் இருக்கு."

அவரையே தேர்ந்தெடுத்தார்கள். சோல்ரூன் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்தாள். "முழுசா அச்சடிச்சுக் கொண்டா. இந்தச் சட்டம் பத்தாது, பெருசா வேணும்" என்றாள். காப்பி குடிக்கும்போது ரன்வாவின் இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. கேக்கை முழுசாகத் தின்று முடித்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள். ஓடிப்போவது இன்னும் அசிங்கம் என்று பட்டது.

மார்ச்சில் மறுபடி பெருங்காற்று என்று வானொலி சொன்னது. ஹோக்னி வீடு வீடாகக் கூரை கட்டிக்கொண்டு வந்தார். ரன்வாவின் வீட்டையும் விடவில்லை. ஏணியைச் சாத்தினார்.

"கயிறு நான் பிடிக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"வேண்டாம்."

அவர் ஏறினார். அவள் ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அதை அவர் வேண்டாம் என்று சொல்லியிருக்கவில்லை. கோட்டுக்குள், பைக்குள், கேமரா நெஞ்சில் இடித்தது. மேலே அவர் கட்டிக்கொண்டிருக்கும்போதே எதிர்த் தீவின் மேல் மழைத் திரை விலகி, மலைச் சரிவு முழுக்கப் பச்சையும் வெள்ளியுமாகப் பற்றிக்கொண்டது.

அவள் அதைப் படம் எடுக்கவில்லை என்று எழுதினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். எடுத்தாள். ஆனால் அவர் இறங்கி, இரண்டு காலும் புல்லில் பட்டு, மீதிக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டு, வேலியைத் தாண்டும்வரை ஏணியை விடவில்லை. அதற்குள் வெளிச்சம் முக்கால்வாசி போய்விட்டது. படம் சுமாராகத்தான் வந்தது.